சிரிஞ்சைக் கீழே வையுங்கள்: நோயுற்ற செல்லப்பிராணியின் கடைசிக் காலத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற வாரம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். சிறுநீரகம் செயலிழந்துகொண்டிருந்த ஒரு பூனை. வீட்டுக்காரர் அதைத் துண்டில் சுற்றி மடியில் இறுக்கிப் பிடித்திருந்தார். அவருடைய மகள் கூழாக்கிய உணவை சிரிஞ்சில் எடுத்து அதன் கடைவாயில் செலுத்திக்கொண்டிருந்தாள். பாதி உள்ளே போயிற்று, பாதி துண்டில் வழிந்தது. "இன்றைக்கு இருபது மில்லி போய்விட்டது" என்றார் அவர், தேர்வில் தேறிய பிள்ளையின் முகத்தோடு. எனக்குச் சட்டென்று பேச்சு வரவில்லை. அந்தத் துண்டும் அந்த மில்லி கணக்கும் ஒரு காலத்தில் என்னுடையவை.

தீராத நோயில் விழுந்த நாய், பூனைகளை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்பவர்களுக்குக் கூடமாட உதவுவதைப் பல வருடங்களாகச் செய்து வருகிறேன். நான் மருத்துவர் அல்ல. மருத்துவர் சொன்னதை வீட்டில் செய்து காட்டுவேன், புண் கழுவுவேன், இரவில் தொலைபேசியை எடுப்பேன், அவ்வளவுதான். மாத்திரை நேரம் தவறுவது, கட்டு நனைவது போன்ற சில்லறைத் தவறுகளை இங்கே எழுதப்போவதில்லை. அவற்றை இரண்டு நாளில் நீங்களே திருத்திக்கொள்வீர்கள்.

வாயைத் திறந்து ஊட்டுவது

என் பூனை சொக்கிக்கு அப்போது பதினான்கு வயது. தண்ணீர்க் கிண்ணத்தை விட்டு நகராமல் குடித்துக்கொண்டே இருந்தாள், முதுகெலும்பு கைக்குத் தட்டுப்பட ஆரம்பித்தது. இரத்தப் பரிசோதனையைப் பார்த்த மருத்துவர் சிறுநீரக நோய் நான்காம் நிலையில் இருக்கிறது என்றார். இருப்பதே நான்கு நிலைகள்தான். அன்றிலிருந்து என் மூளையில் ஒரே கேள்விதான் ஓடியது: சாப்பிட்டாளா?

சாப்பிடவில்லை. கிண்ணத்தருகே வருவாள், முகர்வாள், நாக்கால் உதட்டை நக்கிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைப் பிடிவாதம் என்று நினைத்தேன். சிரிஞ்ச் வாங்கினேன், துண்டு எடுத்தேன், சுவரில் ஒரு தாளை ஒட்டி எத்தனை மில்லி என்று எழுதத் தொடங்கினேன். மூன்றாம் நாள் சிரிஞ்சைக் கண்டால் ஓடினாள். ஒரு வாரத்தில் டப்பா திறக்கும் சத்தத்துக்கு ஓடினாள். பத்தாம் நாள் என் காலடிச் சத்தத்துக்கே ஓடினாள். என் கழுத்தடியில் படுத்தே பதினான்கு வருடம் தூங்கியவள், கட்டிலுக்கு அடியில் கை எட்டாத மூலையில் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டாள். பத்தொன்பதாம் நாள் அங்கேயே இறந்தாள். அந்தத் தாள் நிறைய எண்கள் இருந்தன. அவள் கடைசியாக எப்போது தானாக என் மடிக்கு வந்தாள் என்பதை மட்டும் நான் எங்கும் குறித்து வைக்கவில்லை.

அவளுக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பது பிறகுதான் விளங்கிற்று. சிறுநீரகம் வடிகட்டாத கழிவுகள் இரத்தத்திலேயே தங்கிவிடுகின்றன. அவை மூளையில் வாந்தியைத் தூண்டும் பகுதியைத் தொட்டுக்கொண்டே இருக்கும். வாய்க்குள் புண்ணும் வரலாம். உதட்டை நக்குவது, எச்சில் ஒழுகுவது, கிண்ணத்துக்கு வந்து திரும்பிப் போவது எல்லாம் குமட்டலின் அடையாளங்கள். வயிற்றைப் புரட்டிக்கொண்டிருக்கும் ஒருவரின் வாயைப் பிளந்து கூழை ஊற்றினால் எப்படியிருக்குமோ, அதைத்தான் நான் நாளுக்கு நான்கு முறை செய்துகொண்டிருந்தேன். குமட்டும்போது திணிக்கப்பட்ட உணவைப் பூனை மறப்பதில்லை. பின்னர் உடம்பு கொஞ்சம் தேறினாலும் அந்த வாசனையையே வெறுக்கும். திமிறுகிற பிராணிக்கு ஊட்டும்போது உணவு மூச்சுக்குழாய்க்குள் இறங்கி நிமோனியாவில் முடிவதும் உண்டு.

இதைச் சொன்னால் உடனே ஒரு கேள்வி வரும்: அப்படியென்றால் பட்டினி போட்டுவிடுவதா? இல்லை. பூனை இரண்டு மூன்று நாள் தொடர்ந்து சாப்பிடாவிட்டால், குறிப்பாகப் பருத்த பூனையென்றால், கல்லீரலில் கொழுப்பு ஏறி அதுவே தனி நோயாகிவிடும். எனவே ஒரு நாள் முழுக்கக் கிண்ணம் தொடப்படாமல் இருந்தாலே மருத்துவரை அழைக்க வேண்டும். அழைத்து, "சாப்பிட மாட்டேன் என்கிறது" என்று மட்டும் சொல்லாதீர்கள். உதட்டை நக்குகிறதா, வாய் நாறுகிறதா, மெல்லும்போது தலையைச் சாய்க்கிறதா, கடைசியாக மலம் போனது எப்போது என்பதையும் சொல்லுங்கள். குமட்டலை அடக்க மரோபிடன்ட் போன்ற மருந்துகள் இருக்கின்றன. பசியைத் தூண்டும் மிர்டாசபின் என்ற மருந்து காதின் உட்புறத்தில் தடவும் களிம்பாகவே வருகிறது. அமெரிக்காவில் 2018இல் பூனைகளுக்கென்று அதற்கு அனுமதி கிடைத்தது. வாயைத் தொடவே வேண்டியதில்லை. இன்னும் கொஞ்ச காலம் நன்றாக இருக்க வாய்ப்புள்ள பிராணி என்றால், கழுத்து வழியாக உணவுக்குழாயில் ஒரு மெல்லிய குழாய் பொருத்துவது பற்றிக் கேளுங்கள். கேட்கவே பயமாக இருக்கும். நான் பார்த்த பூனைகள் அந்தக் குழாயோடு சாதாரணமாக நடமாடின, தூங்கின, மடியில் ஏறின. சிரிஞ்சைப் பார்த்து ஓடிய பூனைகளை நினைத்தால் அது எவ்வளவோ மேல்.

வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். உணவை உடல் சூட்டுக்கு வெதுவெதுப்பாக்கி, மீசை இடிக்காத அகலத் தட்டில் ஒரு கரண்டி அளவு வைத்துவிட்டு அந்த இடத்தை விட்டுப் போய்விடுங்கள். இருபது நிமிடத்தில் தொடவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். மூக்கருகே நீட்டிக்கொண்டு நிற்காதீர்கள். கசக்கும் மருந்தை அதற்குப் பிடித்த உணவில் ஒளித்து வைக்காதீர்கள். கண்டுபிடித்துவிட்டால் அந்த உணவும் போய்விடும்.

இதையெல்லாம் செய்தும் திரும்பிக்கொள்கிறது, மருத்துவரும் இனிச் செய்ய அதிகமில்லை என்கிறார் என்றால், உடம்பு தன் கடையைக் கட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். அந்தக் கட்டத்தில் உண்ணாமை நம்மை வதைக்கும் அளவுக்கு அதை வதைப்பதில்லை. அப்போது உதட்டை ஈரத்துணியால் ஒற்றி எடுங்கள். அருகில் படுத்துக்கொள்ளுங்கள். என்னால் எரிச்சலை அடக்க முடியாமல் போவது இந்த இடத்தில்தான்: படித்தவர்கள், பொறுமைசாலிகள், உயிரையே வைத்திருப்பவர்கள்தான் துண்டோடு உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கறையில்லாதவர் எவரும் இந்தத் தவறைச் செய்வதில்லை.

"சாப்பிடுகிறதே, அப்படியென்றால் வலி இல்லை"

மேலே சொன்னதன் மறுபக்கம் இது. எலும்புப் புற்றுநோயால் கால் வீங்கிய நாயும் தட்டைக் காலி செய்யும். பூனை வலியிலும் குர்ர்ரென்று ஒலியெழுப்பிக்கொண்டே மடியில் படுத்திருக்கும். கத்துவதில்லை என்பதையும் ஒரு கணக்காக வைத்துக்கொள்ளாதீர்கள். நாயிடம் பார்க்க வேண்டியவை வேறு: ஓய்வாக இருக்கும்போதே மூச்சிரைப்பது, இரவில் இடம் மாறி மாறிப் படுப்பது, ஒரே இடத்தை நக்கிக்கொண்டிருப்பது, படியருகே போய்த் தயங்குவது.

பூனைக்கு முகமே சொல்லும். மான்ட்ரியால் பல்கலைக்கழகத்தினர் 2019இல் ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். காது, கண், மூக்கு வாய்ப் பகுதி, மீசை, தலையின் நிலை ஆகிய ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டு வரை மதிப்பெண். பத்துக்கு நான்கோ அதற்கு மேலோ வந்தால் வலி மருந்து பற்றி மருத்துவரிடம் பேச வேண்டும். திடீரென வரும் வலிக்காக உருவானது என்பதால் நாள்பட்ட வலியில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது. ஆனாலும் ஒரு பூனையின் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது அதுதான்.

மனிதர்களின் வலி மாத்திரை

பாரசிட்டமால் பூனைக்கு விஷம். உயிரைக் குடிக்க ஒரு மாத்திரை போதும். ஐபுப்ரோஃபென் நாய், பூனை இரண்டுக்கும் ஆகாது. ஸ்டீராய்டு எடுத்துக்கொண்டிருக்கும் பிராணிக்கு வீட்டில் மிச்சமிருக்கும் வேறு வலி மருந்தைக் கொடுப்பதும் கூடாது, இரைப்பை புண்ணாகும்.

"எவ்வளவு நாள்?" என்று கேட்டு, பதிலை நாட்காட்டியில் எழுதுவது

மருத்துவர் சொல்லும் எண் பெரும்பாலும் நடு அளவு. பாதிப் பிராணிகள் அதற்கு முன்பே போய்விட்டன, பாதி அதைத் தாண்டின என்பதுதான் அதன் பொருள். நாய்க்கு வரும் லிம்ஃபோமா என்ற நிணநீர்ப் புற்றுநோய்க்கு ஒன்றும் செய்யாவிட்டால் ஓரிரு மாதம், பல மருந்துகள் சேர்ந்த கீமோ கொடுத்தால் ஏறத்தாழ ஒரு வருடம் என்பதெல்லாம் இந்த வகைதான். மண்ணீரலில் வரும் இரத்தக்குழாய்ப் புற்றுநோய் இன்னும் மோசம். அறுவை சிகிச்சை மட்டும் என்றால் ஒன்று முதல் மூன்று மாதம் என்பார்கள், ஆனால் கட்டி எந்த நிமிடமும் உடைந்து உள்ளே இரத்தம் கொட்டலாம். "மூன்று மாதம்" என்று கேட்டுக்கொண்ட ஒரு குடும்பம், வெளியூரில் படிக்கும் மகனை மூன்றாம் மாதம் வரச்சொல்லி டிக்கெட் எடுத்தது. நாய் பதினோராம் நாள் போயிற்று. மகனை முதல் வாரமே வரச்சொல்லுங்கள் என்று இப்போது நான் எல்லாரிடமும் சொல்கிறேன். பிறகு பிராணி ஆறு மாதம் இருந்துவிட்டால் என்னைத் திட்டுவார்கள். திட்டட்டும்.

"நேரம் வந்தால் அதுவே சொல்லும்"

சில பிராணிகள் சொல்லலாம். என்னுடையவை எதுவும் சொல்லவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதை, தினமும் பார்க்கும் கண்ணால் பார்க்க முடியாது. அதனால்தான் எழுதி வைக்கச் சொல்கிறேன். கால்நடைப் புற்றுநோய் மருத்துவர் ஆலிஸ் வில்லலோபோஸ் 2004இல் ஓர் அட்டவணையைக் கொடுத்தார். வலி, பசி, நீர்ச்சத்து, சுத்தம், மகிழ்ச்சி, நடமாட்டம், கெட்ட நாட்களை விட நல்ல நாட்கள் அதிகமா என்ற ஏழுக்கும் பத்துப் பத்து மதிப்பெண். முப்பத்தைந்துக்கு மேல் என்றால் தொடரலாம் என்பது கணக்கு. எனக்கு அந்த மொத்தத்தின் மீது பெரிய நம்பிக்கையில்லை. நமக்குப் பிடித்த எண்ணை நாமே போட்டுக்கொள்கிறோம். நான்கு வாரத் தாள்களை வரிசையாக வைத்து எந்தப் பக்கம் சரிகிறது என்று பார்ப்பதுதான் பயன். வாரத்துக்கு ஒருமுறை மட்டும் வீட்டுக்கு வரும் ஒருவரைத் தனியாக மதிப்பெண் போடச் சொல்லுங்கள். அவருடைய எண் உங்களுடையதைவிடக் குறைவாக இருக்கும். கோபம் வரும்.

இரவுக்குத் திட்டம் இல்லாமல் இருப்பது

இதயமோ நுரையீரலோ கெட்ட பிராணி தூங்கும்போது மூச்சை எண்ணுங்கள். நாய்க்கும் பூனைக்கும் நிமிடத்துக்கு முப்பதுக்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டி அப்படியே நின்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள். எந்த மருத்துவர் இரவில் தொலைபேசியை எடுப்பார், யார் வண்டி ஓட்டுவார், எந்தப் போர்வையில் தூக்குவது என்பதைப் பகலிலேயே முடிவு செய்யுங்கள். என் நாய் ஒன்று அதிகாலை இரண்டு மணிக்கு மூச்சுத் திணறி, அதுவரை பார்த்திராத ஒரு மேசையில், அதுவரை முகர்ந்திராத கைகளில் இறந்தது. எங்கே போவது என்று மூன்று எண்களுக்கு முயன்றதில் நாற்பது நிமிடம் போயிருந்தது.

கருணைக்கொலை எப்படி நடக்கும் என்று கேட்காமல் போவது

முன்பே கேளுங்கள், அன்றைக்கு அல்ல. வழக்கமாக முதலில் மயக்க ஊசி. பிறகு இரத்தக்குழாய் வழியாக பென்டோபார்பிட்டல் என்ற மருந்து. சில நொடிகளில் நினைவு போய்விடும், சில நிமிடங்களில் இதயம் நிற்கும். கண்கள் மூடாது. அதன் பிறகும் ஓரிரு முறை மூச்சு இழுப்பது போல உடம்பு அசையலாம், தசை துடிக்கலாம், சிறுநீர் பிரியலாம். இதைத் தெரியாமல் நின்ற ஒருவர், பிராணி மறுபடி உயிர் பெற்றுத் துடித்தது என்று நான்கு வருடம் நம்பிக்கொண்டிருந்தார்.

"எப்போது முடியும்" என்ற நினைப்புக்காகத் தன்னை வெறுப்பது

வரும். எல்லாருக்கும் வரும். மூன்றாவது முறை விரிப்பை மாற்றும்போது வரும். உளவியலாளர் மேரி பெத் ஸ்பிட்ஸ்நாகல் குழுவினர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, தீவிர நோயுள்ள பிராணியைப் பார்த்துக்கொள்பவர்களிடம் ஆரோக்கியமான பிராணி வளர்ப்பவர்களைவிடச் சுமையும் மன அழுத்தமும் மனச்சோர்வின் அறிகுறிகளும் அதிகம் என்று காட்டியது. மனிதரைப் பார்த்துக்கொள்பவருக்கு "கொஞ்சம் ஓய்வெடு" என்று சொல்ல ஆள் இருக்கும். உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள். வாரத்தில் ஓர் இரவையாவது வேறொருவரிடம் விட்டுவிட்டு வேறு அறையில் தூங்குங்கள். களைத்த கைதான் சிரிஞ்சை அதிகமாக அழுத்துகிறது.

குழந்தையிடம் "தூங்க வைத்துவிட்டோம்" என்பது

அன்றிரவு அந்தக் குழந்தை தூங்காது. "இறந்துவிட்டது" என்றே சொல்லுங்கள்.

மேலோட்டமாகப் புதைப்பது

கருணைக்கொலைக்குப் போட்ட ஊசி மருந்து உடலில் நெடுநாள் தங்கும். தோண்டித் தின்னும் நாய்க்கும் பறவைக்கும் அது விஷம். ஆழமாகத் தோண்டுங்கள்.