குஞ்சம் தொங்கினால் ஃபிளாப்பர் ஆகிவிடாது

1920களின் அமெரிக்க ஃபிளாப்பர் பெண்ணை, அதாவது குட்டை முடியும் புதுப்பாணி உடையுமாகப் பழைய கட்டுப்பாடுகளை மீறிய இளம்பெண்ணை, வரைகிறவர்களும், கல்லூரி விழாவில் அந்த வேடம் போடுகிறவர்களும் முதலில் சறுக்குவது பாவாடை நீளத்தில்தான். தொடை வரை ஏற்றிவிடுகிறார்கள். 1923 வாக்கில் அது கணுக்காலை நெருங்கி இறங்கியிருந்தது. 1926, 27-ல்தான் மிகக் குட்டையானது, அதுவும் முழங்காலை ஒட்டித்தான். ஆடும்போது முழங்கால் தெரிந்ததற்கே அன்றைய பெரியவர்கள் பதறினார்கள்.

அப்புறம் குஞ்சம். உடம்பு முழுக்க அடுக்கடுக்காகக் குஞ்சம் தொங்கும் உடை பெரும்பாலும் பிற்காலச் சினிமா தந்தது. அன்றைய மாலை விருந்து உடையின் அழகு மணி வேலைப்பாட்டில் இருந்தது. மெல்லிய பட்டில் கண்ணாடி மணிகளை நெருக்கமாக வைத்துத் தைத்திருப்பார்கள். அந்தக் கனம் துணியையே கிழித்துவிடும் என்பதால் அருங்காட்சியகங்களில் இவற்றை மாட்டி வைக்காமல் படுக்க வைத்தே பாதுகாக்கிறார்கள். இடுப்பை இறுக்கிப் பெல்ட் கட்டுவதும் தவறு. உடை தோளிலிருந்து நேராக இறங்கும், இடுப்புக்கோடு இடுப்பெலும்புக்குப் போய்விடும். நெற்றிப்பட்டையும் இறகும் இரவு விருந்துக்கு உரியவை. பகலில் தலையில் இருந்தது புருவம் வரை இறங்கும், மணி வடிவ குளோஷ் தொப்பி. கொண்டை போட்டால் அது தலையில் உட்காராது, குட்டையாக வெட்டிய பாப் முடிதான் அதற்குப் பொருந்தும்.

உடையில் பிழை வந்தால் திருத்திக்கொள்ளலாம். எனக்கு வருத்தம் தருவது வேறு. இந்தக் கதையை வெள்ளைக்காரப் பெண்களின் கதையாகவே சொல்லி முடித்துவிடுகிறார்கள். ஃபிளாப்பர்களின் அடையாளமான சார்ல்ஸ்டன் ஆட்டம் தென் கரோலினாக் கறுப்பின மக்களிடமிருந்து வந்தது. 1923-ல் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயின் மேடையில் அதை நாடெங்கும் பரப்பிய பாட்டுக்கு இசையமைத்தவர் கறுப்பினத்தவரான ஜேம்ஸ் பி. ஜான்சன். நியூயார்க்கில் கறுப்பின மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியின் காட்டன் கிளப் இரவு விடுதியில் மேடையேறியவர்கள் கறுப்பினக் கலைஞர்கள், உட்கார்ந்து பார்த்தவர்கள் வெள்ளையர்கள். 1927-ல் ஜாஸ் இசைக் கலைஞர் டியூக் எலிங்டன் தன் குழுவோடு வாசிக்கத் தொடங்கியதும் அந்த அரங்கில்தான்.

மதுவிலக்குச் சட்டத்தையும் பலர் தப்பாகவே எழுதுகிறார்கள். 1920-ல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டம் மது தயாரிப்பதையும் விற்பதையும் கொண்டுசெல்வதையும் தடுத்தது. குடிப்பது மட்டும் குற்றமாக இல்லை. ரகசிய மதுக்கூடத்தில் கோப்பையோடு இருந்த பெண்ணைவிட, அதில் ஊற்றிக்கொடுத்தவருக்குத்தான் ஆபத்து அதிகம்.

அதே 1920-ல் பெண்களுக்கு ஓட்டுரிமை கிடைத்தது என்று எழுதும்போது ஒரு வரி கூடுதலாகச் சேருங்கள். தென் மாநிலக் கறுப்பினப் பெண்களில் பெரும்பாலோரை எழுத்தறிவுத் தேர்வு, ஓட்டுப் போடக் கட்டவேண்டிய வரி, மிரட்டல் என்று வாக்குச்சாவடிப் பக்கமே வரவிடாமல் தடுத்தார்கள். அதை உடைக்கும் சட்டம் 1965-ல்தான் வந்தது.