சாலை வேலையும் லோங்காங்கும்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலைப் பக்கம் பெய்யும் மழை ரோச்சோர் கால்வாயில் இறங்கி மரினா நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. 2008இல் மரினா அணைக்கட்டு வந்த பிறகு அந்தத் தண்ணீரைச் சுத்திகரித்துக் குடிக்கிறோம். அந்த ஒரு நீர்த்தேக்கத்துக்கு மட்டும் 10,000 ஹெக்டேர் நீர்ப்பிடிப்புப் பகுதி, அதாவது தீவில் ஆறில் ஒரு பங்கு. மொத்தத்தில் சிங்கப்பூர் நிலப்பரப்பில் மூன்றில் இரண்டு பங்கு நீர்ப்பிடிப்புப் பகுதிதான்.

ஊரிலிருந்து வேலைக்கு வருகிறவர்களுக்கு இது புதிது. அங்கே பல தெருக்களில் மழைத்தண்ணீரும் சமையலறைத் தண்ணீரும் ஒரே சாக்கடையில் ஓடும். இன்னும் ஒரு வாளிச் சேறு அதில் விழுந்தால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இங்கே இரண்டும் தனித்தனி. கழிவுநீர் நிலத்தடிக் குழாயில் சுத்திகரிப்பு ஆலைக்குப் போகிறது. லோங்காங் எனும் தெருவோரக் கால்வாய் மழைநீருக்கு மட்டும். சாலைத் தளங்களில் நடக்கும் தவறுகளில் பல, அழுக்குத் தண்ணீரை அனுப்புகிற இடம் அது என்ற நினைப்பிலிருந்து வருபவை.

பள்ளத்துத் தண்ணீர்

கேபிளுக்கோ குழாய்க்கோ பள்ளம் தோண்டியிருப்பார்கள். ராத்திரி மழை. காலையில் வந்து பார்த்தால் பள்ளம் நிறையத் தே தாரிக் எனும் பால்தேநீர் நிறத்தில் தண்ணீர். சூப்பர்வைசருக்கு அவசரம். பம்பை உள்ளே இறக்கி, ஹோஸை லோங்காங் பக்கம் போட்டுவிட்டால் அரை மணி நேரத்தில் பள்ளம் காலி. அதிகம் நடக்கும் தவறு இதுதான். அதிகம் மாட்டிக்கொள்வதும் இதில்தான். நாட்டின் தண்ணீரைக் கவனிக்கும் பொதுப் பயனீட்டுக் கழகத்தின் விதிப்படி, தளத்திலிருந்து வெளியேறும் ஒரு லிட்டர் தண்ணீரில் மிதக்கும் மண் 50 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. அது ஒரு சிட்டிகை உப்பைவிடக் குறைவு. கண்ணுக்குக் கலங்கலாகத் தெரியும் எந்தத் தண்ணீரையும் விடாதீர்கள் என்பதே நடைமுறையில் இதன் பொருள்.

‘கொஞ்ச நேரம் விட்டால் தெளிந்துவிடும்’ என்பார்கள். மணல் சில நிமிடங்களில் தங்கிவிடும், சரி. களிமண் தங்காது. காலாங் ஆற்றையொட்டிய தாழ்வான பகுதிகளில் தோண்டினால் வரும் மரைன் கிளே எனும் கடற்களிமண்ணைக் கலக்கிவிட்டால் நாள் கணக்கில் மிதந்துகொண்டே இருக்கும். அதற்குத் தொட்டியும் வேண்டும், மண்ணைத் திரட்டிக் கீழே இறக்கும் மருந்தும் வேண்டும். பம்பைப் பள்ளத்தின் அடியில் நேராக வைப்பது இன்னொரு வினை. தங்கிய சேற்றையும் அது உறிஞ்சி எடுக்கும். ஓட்டை போட்ட டிரம்மில் ஜல்லி போட்டு, அதற்குள் பம்பை வைத்தால் தொட்டிக்குப் போகும் சேறாவது குறையும்.

ஆனால் என்னைக் கேட்டால், தண்ணீரைச் சுத்தம் செய்யும் வித்தையைவிட அது பள்ளத்துக்குள் வராமல் தடுப்பதுதான் மலிவு. அன்றைக்கே மூட முடிகிற நீளத்துக்கு மட்டும் தோண்டுங்கள். மீதி இருந்தால் இரும்புத் தகடோ கேன்வாஸோ போட்டு மூடி, மேட்டுப் பக்கம் மணல் மூட்டை அடுக்குங்கள். தோண்டிய மண்ணைக் கால்வாய் ஓரத்தில் குவிக்காதீர்கள், திறந்தபடியும் விடாதீர்கள். இதற்கெல்லாம் கேன்வாஸ் செலவு, இரண்டு ஆள் வேலை, அவ்வளவுதான்.

லோங்காங்கில் விடக்கூடாது என்றால் பக்கத்தில் இருக்கும் கழிவுநீர் மேன்ஹோலைத் திறந்து அதில் விடுவோம் என்று சிலர் புத்திசாலித்தனம் காட்டுவதுண்டு. மண் போய்க் குழாயை அடைக்கும். அனுமதியில்லாமல் அதில் விடுவதும் குற்றம்தான்.

தெளிந்த தண்ணீரும் ஏமாற்றும்

கான்கிரீட் லாரியின் சரிவுத் தகட்டை வேலை முடிந்ததும் அங்கேயே கழுவுவார்கள். கர்ப் எனும் சாலையோரக் கல்லை வெட்டும்போது ரம்பத்தைக் குளிர்விக்க ஊற்றும் தண்ணீர் சாம்பல் நிறக் குழம்பாக ஓரத்தோடு வழிந்து போகும். அந்தக் குழம்பைத் தொட்டியில் விட்டால் சிமெண்ட் அடியில் தங்கி, மேலே தண்ணீர் கண்ணாடி மாதிரி நிற்கும். ‘இனி விடலாம்’ என்று தோன்றும். விடக்கூடாது. காரம் கண்ணுக்குத் தெரியாது. நீர்நிலைக்குள் விடும் தண்ணீரின் பிஹெச் (அமில-கார அளவு) 6க்கும் 9க்கும் இடையில் இருக்க வேண்டும்; புதுச் சிமெண்ட் தண்ணீரில் அது 12ஐத் தாண்டும். மீனுக்கு அது சாவு. தண்ணீருக்குள் கையை விட்ட தொழிலாளிக்கும் தோல் வெந்துபோகும். பிஹெச் தாளை நனைத்துப் பார்க்க ஒரு நிமிடம்கூட ஆகாது. கழுவுவதற்குத் தகரத் தொட்டியோ, கனமான பிளாஸ்டிக் விரித்த குழியோ முதலிலேயே தயாராக இருக்கட்டும். காய்ந்த சிமெண்டைக் கட்டியாக எடுத்துக் கழிவு லாரியில் ஏற்றலாம். வெட்டும்போது வரும் குழம்பை ஈர வாக்குவம் வைத்து அப்போதே உறிஞ்சிவிடுவது நல்லது.

பிரீமிக்ஸ் போடும் இரவு

பிரீமிக்ஸ் எனும் தார்-ஜல்லிக் கலவையைக் கொட்டுவதற்கு முன், அது கீழ்த்தளத்தோடு ஒட்டுவதற்காகத் தெளிக்கும் டேக் கோட் எமல்ஷன் (தண்ணீரில் கலந்த தார்) முதலில் பழுப்பாக இருக்கும். அதிலிருக்கும் தண்ணீர் பிரிந்து போனதும் கறுப்பாகி ஒட்டிக்கொள்ளும். பழுப்பாக இருக்கும்போது மழை பிடித்தால் அத்தனையும் கால்வாய்க்குத்தான். இந்த ஊர் ஈரக் காற்றில் கறுப்பாக நேரம் பிடிக்கும் என்பதையும் கணக்கில் வையுங்கள். லாரி வந்து சேரும் முன்பே நீளத்துக்கும் தெளித்து வைப்பதுதான் தவறு. வந்து நிற்கும் பிரீமிக்ஸ் எவ்வளவு தூரம் போதுமோ அவ்வளவு மட்டும் தெளியுங்கள்.

தென்மேற்குப் பருவக்காற்று மாதங்களில் கூடுதல் கவனம் வேண்டும். போக்குவரத்துக்காக நாம் இரவில் வேலை செய்கிறோம். விடிவதற்குள் சாலையைத் திறந்துவிட வேண்டும். சுமத்ரா பக்கமிருந்து பலத்த காற்றோடு வரும் மழையும் பல நேரம் சரியாக விடியலுக்கு முன்தான் வந்து இறங்கும். வேலை முடியும் அவசரமும் மழையும் ஒன்றாக வரும் நேரம் அது. ரேடார் படத்தைக் கைப்பேசியில் பார்க்க ஒருவரைப் பொறுப்பாக்கிவிடுங்கள்.

அப்புறம் டீசல். மண்வெட்டி, ரேக், லாரித் தொட்டி எல்லாவற்றுக்கும் தார் ஒட்டாமலிருக்க டீசல் பூசும் பழக்கம் இன்னும் போகவில்லை. டீசல் புதுப் பிரீமிக்ஸையே இளக்கிவிடும். சொட்டியது மழையில் எண்ணெய்ப் படலமாகக் கால்வாயில் மிதக்கும். அதற்கென்றே டீசல் இல்லாத திரவங்கள் கிடைக்கின்றன. கருவியைத் தட்டின் மேல் வைத்துக் கழுவுங்கள். பழைய தளத்தைச் சுரண்டிய பொடியையும் மழைக்கு விடாமல் அதே இரவு பெருக்கி ஏற்றிவிட வேண்டும்.

வாய்க்கால் வாயை மூடுவது

மழைநீர் இறங்கும் துவாரங்களைச் சுற்றி மணல் மூட்டை வைப்பது நல்ல பழக்கம். வைத்துவிட்டு மறப்பது கெட்ட பழக்கம். மூட்டை வெயிலில் இற்றுக் கிழிந்தால் அந்த மணலே உள்ளே போகும். பிளாஸ்டிக் தாளால் இறுக மூடிவிட்டுப் போனால் பெரிய மழையில் சாலையே குளமாகும். தண்ணீரை வடிகட்டி விடும் துணியோ ஜல்லிப் பையோ வையுங்கள். ஒவ்வொரு மழைக்குப் பிறகும் சேர்ந்த சேற்றை அள்ளுங்கள். தேங்கும் தண்ணீர் கொசுவுக்கும் தொட்டில். அந்தப் பக்கம் தேசிய சுற்றுப்புற வாரியம் பார்த்துக்கொண்டிருக்கிறது.

சக்கரத்தில் ஒட்டிய மண் சாலையில் விழுந்தால் ஹோஸ் பிடித்து அடிக்காதீர்கள். பெருக்கி அள்ளுங்கள். தண்ணீர் அடித்தால் சாலை பளிச்சென்று ஆகும், மண் அத்தனையும் லோங்காங்கில் இருக்கும்.

பெரிய தளங்களில் மண் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தகுதிபெற்ற நிபுணர் வரைந்து கொடுப்பார். வெளியேறும் தண்ணீரைக் கேமராவும் பார்க்கும். வேலை நாலு தெரு தள்ளி நகர்ந்த பிறகும் வரைபடம் பழைய இடத்தையே காட்டிக்கொண்டிருப்பதுதான் அங்கே நடக்கும் கோளாறு. காலையில் வேலை தொடங்கும் முன் நடக்கும் டூல்பாக்ஸ் மீட்டிங்கில் இதையும் தமிழிலும் வங்காளத்திலும் சொல்லுங்கள்: இன்று எந்தத் துவாரங்கள் நம் சரிவில் இருக்கின்றன, கலங்கல் தண்ணீர் எந்தத் தொட்டிக்குப் போக வேண்டும், கொட்டிவிட்டால் யாரைக் கூப்பிட வேண்டும்.

கொட்டிவிட்டால் முதலில் துவாரத்தை அடைத்துவிடுங்கள். தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டாம். மணலோ உறிஞ்சும் துணியோ போட்டு அள்ளுங்கள். உள்ளே போய்விட்டது என்றால் மறைக்காமல் சூப்பர்வைசரிடமும் பொதுப் பயனீட்டுக் கழகத்திடமும் உடனே சொல்லுங்கள். கீழே எங்காவது அணை கட்டித் தடுக்க இன்னும் நேரம் இருக்கலாம்.