கண்மாய் தூர்வாரும் பணியில் தொடர்புடையோர் அனைவரையும் இணைத்துச் செல்வது எப்படி?

தென்மாவட்டங்களில் கண்மாய் தூர்வார முன்வரும் புதிய குழுக்கள் பணத்தையும் மண் அள்ளும் இயந்திரத்தையும் பற்றியே முதலில் கவலைப்படுகின்றன. பணி பாதியில் நிற்பதற்கோ, முன்கூட்டியே கலந்து பேசப்படாத ஒருவருடைய மறுப்பே பல நேரங்களில் காரணமாகிறது. ஆகவே மதிப்பீடு தயாராவதற்கு முன்பே மனிதர்களைச் சந்திக்கத் தொடங்குங்கள்.

படி 1: நடந்து பாருங்கள்

மடை திறந்து நீர் பாய்ச்சும் நீர்க்கட்டியை உடன் அழைத்துக்கொண்டு, கண்மாய்க்கு நீர் கொண்டுவரும் வரத்துக்கால் தொடங்கும் இடத்திலிருந்து கடைமடை வயல் வரை நடக்க வேண்டும். எந்த மடையில் யாருக்கு முறை, எந்த இடத்தில் கால்வாய் குறுகியது, யாருக்கிடையே பழைய தகராறு உள்ளது என்பனவெல்லாம் அவருக்குத் தெரிந்த அளவுக்கு எந்த அலுவலகக் கோப்பிலும் இருக்காது.

படி 2: பெறுவதையும் இழப்பதையும் எழுதுங்கள்

ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே அவர் பெறுவது, இழப்பது, பணியை நிறுத்தும் வலு அவருக்கு உண்டா என்ற மூன்றையும் குறியுங்கள். ஆயக்கட்டு (கண்மாய் நீரால் பாசனம் பெறும் நிலம்) விவசாயிகள் பெறுபவர்கள். மீன்பாசிக் குத்தகைதாரர், மீன் பிடிக்கும் முன்பே நீர் வடிக்கப்பட்டால் போட்ட பணத்தை இழப்பார். சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவோருக்கும், கண்மாய்க்குள் ஆடு மேய்ப்போருக்கும் இது பிழைப்பு. கூட்டங்களில் இவர்கள் பேசுவது அரிது என்பதால் இவர்களை நாமே தேடிச் செல்ல வேண்டும்.

படி 3: இழப்பவரை முதலில் சந்தியுங்கள்

இந்தப் படிக்கே அதிக நாட்களை ஒதுக்குங்கள். எடுத்துக்காட்டாக, கண்மாய் நிரம்பியதும் மிகை நீர் வழிந்தோடும் கலுங்கை உயர்த்தினால் கூடுதல் நீர் தேங்கும் என்று கீழ்மடை விவசாயிகள் கேட்பார்கள். அதே உயரம் நீர்ப்பிடிப்பை ஒட்டிய மேட்டுப் பட்டா நிலங்களை மூழ்கடிக்கும் என்று மேற்புறத்தார் அஞ்சுவார்கள். இரு தரப்பின் கூற்றிலும் உண்மை இருக்கிறது. எனவே, மட்டம் பார்க்கும் கருவியால் நீர் எட்டும் எல்லையை அளந்து, அந்த இடங்களில் குச்சி நட்டு, இரு தரப்பாரையும் நேரில் காணச் செய்வது, எத்தனை முறை கூடிப் பேசினாலும் கிடைக்காத தெளிவைத் தரும். மடை மட்டத்துக்குக் கீழே தோண்டும் பள்ளத்தின் நீர் வயலுக்குத் தானாகப் பாயாது, ஆனால் கோடையில் கால்நடைக்கு உதவும் என்பதையும் அப்போதே விளக்கிவிட்டால், ஆழம் குறித்த பிணக்கு பின்னர் எழாது.

படி 4: உரிய அலுவலகத்தை அறியுங்கள்

பொதுவாக 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள கண்மாய்கள் நீர்வளத் துறையிடமும், சிறியவை ஊராட்சி ஒன்றியத்திடமும் இருக்கும். எல்லை அளப்பதற்கும் ஆக்கிரமிப்பு குறித்த கேள்விகளுக்கும் கிராம நிர்வாக அலுவலரும் வட்டாட்சியரும் தேவைப்படுவார்கள். வாய்மொழி ஒப்புதலை நம்பாமல், எழுத்துப்பூர்வ அனுமதியைப் பெறுங்கள். அள்ளும் வண்டல் மண்ணை விவசாயிகள் எடுத்துச் செல்வதற்கும் தனி அனுமதி வேண்டும்.

படி 5: கிராம சபையில் தீர்மானம்

ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாட்களில் கிராம சபை கூடுகிறது. வடகிழக்குப் பருவமழைக்கு முன் பணியை முடிக்க வேண்டுமாதலால் மார்ச் அல்லது மே மாதக் கூட்டமே பொருத்தமானது. தனித்தனியே பேசி முடித்தவற்றை அங்கே பதிவு செய்யுங்கள். புதிய சச்சரவை அங்கே முதன்முறையாக எழுப்பாதீர்கள்.

படி 6: பணி நடக்கும்போது

வரவு, செலவு, அள்ளிய மண்ணின் அளவு ஆகியவற்றை வாரந்தோறும் அனைவரும் காணும் இடத்தில் எழுதி வையுங்கள். வாட்ஸ்அப் குழு உதவும். ஆயினும் கைபேசி இல்லாத முதியவர்களுக்குக் கரும்பலகையே எட்டும். திட்டத்தில் மாற்றம் வந்தால், அதனால் பாதிக்கப்படுபவரிடம் இயந்திரம் இறங்குவதற்கு முன்பே நேரில் சொல்லுங்கள்.

கண்மாய் முதன்முறை நிரம்பியதும் நீர்க்கட்டி, குத்தகைதாரர், இரு தரப்பு விவசாயிகள் ஆகியோருடன் மீண்டும் கரையை நடந்து பார்த்து, கசிவுகளையும் குறைகளையும் எழுதி, கணக்குப் புத்தகத்தோடு அதை நீரினைப் பயன்படுத்துவோர் சங்கத்திடம் ஒப்படையுங்கள்.