மொய் நோட்டை வைத்தே எக்செல் பழகலாம்

கணினியில் பட்டியல் போட்டுக் கணக்குப் பார்க்க உதவும் எக்செல் பழக வகுப்பு தேடி அலைய வேண்டாம், வீட்டில் கடைசியாக நடந்த விசேஷத்தின் மொய் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருங்கள், அது போதும். அதே மாதிரியான கூகுள் ஷீட்ஸிலும் முறை இதேதான்.

மேலே ஏ, பி, சி என்று போவது நெடுவரிசை, இடப்பக்கம் 1, 2, 3 என்று இறங்குவது வரிசை, இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் செல். முதல் வரிசையில் பெயர், ஊர், தொகை என்று தலைப்பு போட்டுவிட்டு, ஆளுக்கு ஒரு வரிசையாக அடித்துக்கொண்டே போங்கள். டேப் அழுத்தினால் பக்கத்துக் கட்டம், என்டர் அழுத்தினால் அடுத்த வரிசை.

புதியவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் தொகைக் கட்டம். "500 ரூபாய்" என்று அடித்தால் அது எண் இல்லை, எழுத்து, கூட்டலில் சேராது. வெறும் 500 மட்டும் அடியுங்கள். எண் வலப்பக்கம் ஒட்டி நிற்கும், எழுத்து இடப்பக்கம் ஒட்டும், பார்த்தவுடனே தப்பு தெரிந்துவிடும்.

சரி, மொத்தம்? ஓரமாக இ1 (E1) கட்டத்துக்குப் போய் முதலில் சமக்குறி, அப்புறம் ஆங்கில எழுத்தில் சம் (SUM), பிறகு அடைப்புக்குறிக்குள் சி:சி, அதாவது =SUM(C:C) என்று அடித்து என்டர் தட்டுங்கள். சமக்குறியை விட்டுவிட்டால் கணக்கே போடாது. பின்னால் 501-ஐ 1001 என்று திருத்தினாலும், விட்டுப்போன பெயரைக் கீழே சேர்த்தாலும் மொத்தம் தானாக மாறும், இதைப் பார்க்கும்போதுதான் எனக்கு இதன் மேல் ஆசையே வந்தது.

தலைப்பு வரிசையைத் தேர்ந்தெடுத்து டேட்டா மெனுவில் ஃபில்டர் போடுங்கள். ஊர் தலைப்பில் வரும் அம்புக்குறியைத் தட்டி மதுரையை மட்டும் தேர்ந்தெடுத்தால் மதுரைக்காரர்களை மட்டும் தனியே பார்க்கலாம். அங்கே ஒரு காதுகுத்துக்குக் கிளம்பும் முன் அவர்கள் நமக்கு எவ்வளவு செய்தார்கள் என்று நொடியில் தெரிந்துவிடும்.