ரிக் வேலைக்கு முதல் படி யார்டு வாசல்

போன மாதம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, போசியட் முடிச்சிட்டேன். சர்டிபிகேட்டும் வந்திருச்சு. இனி ரிக்குல ஒரு வேலை பாத்துக் குடுங்க" என்றான். கடலில் எண்ணெய், எரிவாயு எடுக்கும் மேடையைத்தான் ரிக் என்கிறோம்.

வயது 22. ஐடிஐ ஃபிட்டர். படிப்பை முடித்து ஒரு நாள்கூட ஸ்பானர் பிடித்து வேலை பார்த்ததில்லை. அக்கா வளையலை அடகு வைத்து போசியட் என்ற அந்த மூன்று நாள் பாதுகாப்புப் பயிற்சிக்குப் பணம் கட்டியிருக்கிறாள். அந்தச் சான்றிதழ் 4 ஆண்டு செல்லும். வேலை கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் 4 ஆண்டில் அது காலாவதி.

அவனைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. நான் 2004-ல் செய்த முட்டாள்தனம் அதைவிடப் பெரியது. அதைப் பின்னால் சொல்கிறேன். எனக்கு வயது ஐம்பது ஆகப்போகிறது. தொண்டிப் பக்கம் ஊர். அபுதாபிக் கடலில் ரிக்கராக, அதாவது கிரேனில் சுமையைக் கட்டித் தூக்குபவனாகத் தொடங்கி இப்போது ரிக்கிங் ஃபோர்மேன். அவனுக்குப் போனில் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே சேர்த்து எழுதுகிறேன்.

முதலில் இந்த போசியட் என்ன என்று புரிந்துகொள்ளுங்கள். 1988 ஜூலை 6 அன்று வட கடலில் பைப்பர் ஆல்பா மேடை எரிந்து 167 பேர் செத்தார்கள். அதன் பிறகுதான் கடல் மேடைப் பாதுகாப்பு விதிகள் எல்லாம் இறுகின. தீ, புகை, லைஃப் போட், தண்ணீரில் விழுந்த ஹெலிகாப்டர், இவற்றிலிருந்து உயிரோடு வெளியே வரக் கற்றுக்கொடுப்பதுதான் போசியட். அது உங்களுக்கு வேலை தெரியும் என்று சொல்லும் சான்றிதழ் அல்ல. கம்பெனிக்கு உங்கள் கைத்தொழில் தேவை என்றால், பெரும்பாலும் அவர்களே செலவு செய்து இந்தப் பயிற்சிக்கு அனுப்பிவிடுவார்கள். நாங்கள் தங்கி வேலை பார்க்கும் தட்டைக் கப்பலான பார்ஜில் இருக்கும் தமிழ்ப் பையன்களில் சொந்தக் காசில் போசியட் முடித்து வந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். வளைகுடாவில் பல இடங்களில் ஆட்கள் படகில்தான் போய் வருகிறார்கள். அங்கே வெப்பக் கடலுக்கான டி-போசியட் போதும் என்பார்கள். எது வேண்டும் என்பதை வேலை கொடுப்பவன் சொன்ன பிறகு கட்டுங்கள்.

சரி, கைத்தொழில் எங்கே கற்பது? யார்டில். கடலில் நிற்கும் மேடையைக் கடலில் செய்வதில்லை. மேடையைத் தாங்கும் கால்களை ஜாக்கெட் என்பார்கள், மேல் பகுதி டெக். இரண்டையும் கரையில் யார்டில் செய்து, பார்ஜில் ஏற்றிக் கொண்டுபோய் கிரேனால் வைப்பார்கள். வைத்த பிறகு பைப், கேபிள், கைப்பிடி, படிக்கட்டு என்று ஆயிரம் இணைப்பு வேலை பாக்கி இருக்கும். அதற்கு ஹூக்-அப் என்று பெயர். ஹூக்-அப்புக்கு ஆள் எடுக்கும்போது, அந்த டெக்கைச் செய்த யார்டு ஆட்களைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். எந்த பைப் எங்கே போகிறது என்று அவனுக்குத்தானே தெரியும்? நானும் என்னோடு இருக்கும் முக்கால்வாசிப் பேரும் கடலுக்கு வந்தது இப்படித்தான்.

சென்னைக்கு வடக்கே காட்டுப்பள்ளியில் இந்த வேலை நடக்கும் யார்டு இருக்கிறது. அமீரகத்தில் ஷார்ஜா ஹம்ரியா, அபுதாபி முசஃபா, துபாய் ஜெபல் அலி. கத்தாரில் ராஸ் லஃபான். இங்கே இரண்டு வருடம் ஹெல்பராக இருந்து ரிக்கர், சாரம் கட்டும் ஸ்கஃபோல்டர், பைப் ஃபிட்டர், வெல்டர் என்று ஏதாவது ஒன்றில் ஏறிவிட வேண்டும். இன்னொரு வழி ஷட்டவுன். சுத்திகரிப்பு ஆலையைச் சில வாரம் நிறுத்திப் பழுது பார்ப்பார்கள். அபுதாபியின் ருவைஸ், சவுதியின் ஜுபைல் பக்கம் அதற்கென்றே ஒன்றிரண்டு மாத விசாவில் ஆள் எடுப்பார்கள். குறுகிய வேலைதான். ஆனால் 'ஆயில் அண்ட் கேஸ் அனுபவம்' என்று பயோடேட்டாவில் ஒரு வரி ஏறிவிடும்.

சமையல் தெரிந்தவர்களை யாரும் கணக்கில் எடுப்பதில்லை. ஒரு பார்ஜில் 300 பேர் என்றால் மூன்று வேளை சாப்பாடு, இரவு ஷிஃப்டுக்குத் தனிச் சாப்பாடு, துணி துவைக்க, அறை கூட்ட ஆள் வேண்டும். குக், ஸ்டூவர்ட், கேம்ப் பாஸ் எல்லாம் கேட்டரிங் கம்பெனி ஆட்கள். ஹோட்டலில் நாலு வருடம் நின்றவர்கள் நேராக அந்தக் கதவைத் தட்டலாம்.

அடுத்தது டிரேட் டெஸ்ட். வெல்டருக்கு 6ஜி: 45 டிகிரி சாய்ந்த பைப்பைத் திருப்பாமல், நீங்கள்தான் சுற்றிவந்து வெல்டிங் வைக்க வேண்டும். முடிந்ததும் எக்ஸ்ரே எடுப்பார்கள், அதில் பொய் சொல்ல முடியாது. ரிக்கருக்கு கை சிக்னல், சுமையை மாட்டும் இரும்பு வளையமான ஷேக்கிள், ஸ்லிங் என்ற தூக்குக் கயிற்றின் கோணம். நான் இப்போது டெஸ்ட் எடுக்கும் பக்கம் உட்காருகிறேன். எல்லோரிடமும் ஒரே கேள்விதான் கேட்பேன். "10 டன் சுமை, இரண்டு ஸ்லிங். படுக்கைக் கோட்டிலிருந்து 60 டிகிரி. ஒரு ஸ்லிங்கில் எவ்வளவு?" பத்தில் ஏழு பேர் 5 டன் என்பார்கள். 5.8 என்று சொல்பவனை நிமிர்ந்து பார்ப்பேன். 45 டிகிரியில் 7.1. 30 டிகிரிக்குப் படுத்துவிட்டால் ஒவ்வொரு ஸ்லிங்கிலும் முழு 10 டன். இதைச் சொல்பவனுக்கு இங்கிலீஷ் வராவிட்டாலும் எனக்குக் கவலையில்லை. தலைக்கு மேலே தொங்கும் சுமைக்கு இங்கிலீஷ் தெரியாது.

பயோடேட்டாவில் 'கடின உழைப்பாளி, நேர்மையானவன்' என்று எழுதாதீர்கள். எந்த யார்டு, எந்த பார்ஜ், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எத்தனை டன் கிரேன், தூக்கியதில் பெரிய சுமை எது, இவ்வளவுதான் வேண்டும். தினமும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வையுங்கள், ஐந்து வருடம் கழித்து ஒன்றும் ஞாபகம் இருக்காது. சான்றிதழ் நிலைகளிலும் கவனம். சவுதி எண்ணெய்க் கம்பெனி அராம்கோவில் ரிக்கர் 3 என்றால் கீழ்நிலை, 1 தான் உச்சம். கயிற்றில் தொங்கி வேலை செய்பவர்களின் ஐராட்டாவில் நேர் எதிர், 3 தான் உச்சம். இதை மாற்றி எழுதி மானம் போனவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது ஏஜென்ட் கதை. 2004-ல் எங்கள் ஊர்ப் பக்கத்தில் ஒரு சப் ஏஜென்ட்டிடம் 1,20,000 ரூபாய் கொடுத்தேன். அப்பாவின் வள்ளத்தை விற்ற காசு. 'ஆஃப்ஷோர் ரிக்கர், மாதம் 2,500 திர்ஹாம்' என்றார். கையில் கிடைத்தது விசிட் விசா. துபாயில் இறங்கினால் கட்டட வேலைக்கு ஆள் கொடுக்கும் ஒரு சப்ளை கம்பெனி. கடலைப் பார்த்ததே கேம்புக்குப் போகும் பஸ் ஜன்னலில்தான். ஏழு மாதம் சிமென்ட் மூட்டை தூக்கினேன். ஊருக்குப் போன் செய்யும்போதெல்லாம் ரிக்கில் இருப்பதாகவே சொன்னேன். ஊர்க்காரர் ஒருவர் மூலம் ஹம்ரியா யார்டில் ஹெல்பராகச் சேர்ந்த பிறகுதான் என் கதை திரும்பியது.

அன்று எனக்குத் தெரியாதது இன்று உங்கள் போனிலேயே இருக்கிறது. வெளிநாட்டு வேலைக்கு ஆள் அனுப்பும் ஏஜென்ட் மத்திய அரசிடம் உரிமம் பெற்றிருக்க வேண்டும். அரசின் இ-மைக்ரேட் தளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் உயிரோடு இருக்கிறதா, ரத்தாகிவிட்டதா என்று காட்டும். ஏஜென்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணம் அதிகபட்சம் 30,000 ரூபாய். 18 சதவீத ஜிஎஸ்டி சேர்த்து 35,400. அதற்கும் ரசீது கேளுங்கள். ரசீது தராதவரிடம் பணம் கொடுக்காதீர்கள். சப் ஏஜென்ட் என்ற ஒருவரே சட்டத்தில் கிடையாது. தமிழக அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் சென்னையில் இருக்கிறது, அங்கே பதிவு செய்து வையுங்கள்.

பத்தாம் வகுப்பு தேறாதவர்களுக்கு ஈசிஆர் பாஸ்போர்ட் வரும். அதை வைத்து வளைகுடா உள்பட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்தின் அனுமதி வேண்டும். அதோடு 10 லட்சத்துக்கு விபத்துக் காப்பீடும் கட்டாயம். இரண்டு வருடத்துக்கு பிரீமியம் 275 ரூபாயும் வரியும்தான். விசிட் விசாவில் போனால் இந்த இரண்டும் கிடையாது. 'அங்கே போய் மாத்திக்கலாம்' என்று சொல்பவர் உங்களிடமிருந்து இதைத்தான் பறிக்கிறார்.

நார்வே ரிக், வட கடல், மாதம் 9,000 டாலர், இன்டர்வியூ இல்லை, விசா ஃபீஸ் மட்டும் அனுப்பவும். இப்படி மெயில் வந்தால் அழித்துவிட்டுத் தூங்கப் போங்கள். லோகோ அழகாகத்தான் இருக்கும்.

நல்ல வேலை வந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தத்தில் நான் முதலில் பார்ப்பது மொத்தச் சம்பளத்தை அல்ல, பேசிக் எனும் அடிப்படைச் சம்பளத்தை. அமீரகத்தில் வேலையை விட்டு வரும்போது தரும் கிராஜுவிட்டி, முதல் ஐந்து வருடத்துக்கு வருடம் ஒன்றுக்கு 21 நாள் பேசிக். இரண்டு பேர், ஆளுக்கு மொத்தச் சம்பளம் மாதம் 2,500 திர்ஹாம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒருவருக்கு பேசிக் 800, இன்னொருவருக்கு 2,000. ஐந்து வருடம் கழித்து முதல் ஆள் வாங்குவது 2,800, இரண்டாம் ஆள் வாங்குவது 7,000. கையெழுத்துப் போடும்போது இந்த வித்தியாசம் யார் கண்ணிலும் படாது.

கடல் வேலைக்கு இன்னும் சில கேள்விகள் உண்டு. 12 மணி நேர ஷிஃப்டில் எத்தனை மணி ஓவர்டைம்? கடல் அலவன்ஸ் பார்ஜில் ஏறிய நாளிலிருந்தா? காற்று அடித்துப் படகு வராமல் கரையில் உட்கார்ந்திருக்கும் நாளுக்குச் சம்பளம் உண்டா? 28 நாள் வேலை, 28 நாள் வீடு என்றால் வீட்டில் இருக்கும் 28 நாளுக்குப் பணம் உண்டா, டிக்கெட் யார் செலவு? வாயால் சொன்னால் போதாது, தாளில் இருக்க வேண்டும். கத்தாருக்குப் போகிறவர்களுக்குச் சென்னையிலேயே விசா மையம் இருக்கிறது. மெடிக்கல், கைரேகை, ஒப்பந்தக் கையெழுத்து எல்லாம் அங்கேயே. ஏஜென்ட் சொன்னதும் அங்கே காட்டுவதும் வேறாக இருந்தால் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்துவிடுங்கள். விமானம் ஏறிய பிறகு எழுந்து வர முடியாது.

28/28 என்றதும் இன்னொன்று. வேலைக்காக வெளிநாடு போன இந்தியர் ஒரு நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்துவிட்டால் வருமான வரிக் கணக்கில் உள்ளூர்க்காரர் ஆகிவிடுவார். பாதி வருடம் வீட்டில் இருக்கும் நமக்கு அது கத்திமுனைக் கணக்கு. நான் பாஸ்போர்ட் முத்திரையைப் பார்த்து நாட்காட்டியில் எண்ணி வைப்பேன். ஒரு வருடம் மகள் காதுகுத்தை ஒரு வாரம் முன்னால் தள்ளியது இதற்காகத்தான். வீட்டில் இன்னும் நம்பவில்லை.

மெடிக்கலில் எக்ஸ்ரேதான் பலரைக் கவிழ்க்கும். எப்போதோ வந்து ஆறிய காசநோயின் தழும்பு நுரையீரலில் தெரிந்தாலும் வளைகுடா மெடிக்கலில் தகுதியில்லை என்று போட்டுவிடுவார்கள். ஏஜென்ட்டிடம் பணம் கட்டும் முன்பே ஊரில் ஒரு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிடுங்கள். பெட்டி கட்டும்போது அம்மா வைக்கும் மசாலாப் பொட்டலத்தைப் பிரித்துப் பாருங்கள். கசகசா அங்கே போதைப்பொருள் கணக்கு. குருமாவுக்கு வைத்தது என்று சொன்னால் எடுபடாது. வலி மாத்திரை, தூக்க மாத்திரை என்றால் டாக்டர் சீட்டு கையில் இருக்க வேண்டும். அதிலும் சிலவற்றுக்கு அங்கே முன் அனுமதி தேவை.

கடைசியாக, போசியட்டில் வரும் அந்த ஹெலிகாப்டர் தொட்டி. எல்லோரும் பயப்படுவது இதற்குத்தான். பொய்க் கூண்டில் பெல்ட் போட்டு உட்காரவைத்து, நீச்சல் குளத்தில் இறக்கித் தலைகீழாகக் கவிழ்ப்பார்கள். நான் கடல்காரன் மகன், ஐந்து வயதில் நீந்தியவன். முதல் தடவை தோற்றது நான்தான். எங்கள் வள்ளம் கவிழ்ந்தால் சட்டென்று விலகிவிட வேண்டும், அந்தப் பழக்கத்தில் பெல்ட்டை முதலில் அவிழ்த்துவிட்டேன். உடனே உடம்பு மிதந்து, தலை கூண்டின் தரையில் முட்டியது. எது ஜன்னல், எது மேல் என்று தெரியவில்லை. பக்கத்தில் நீச்சலே தெரியாத நாமக்கல் பையன் சொன்னபடி செய்து அமைதியாக வெளியே வந்தான். ஒரு கையால் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொள், சுழற்சி நிற்கும் வரை அசையாதே, ஜன்னலைத் தள்ளு, அதன் பிறகுதான் பெல்ட். மூக்கில் தண்ணீர் ஏறும், கொஞ்சம் கொஞ்சமாக மூச்சை விட்டால் தாங்கும்.

அக்கா மகன் இப்போது ஒரு யார்டில் ஹெல்பர். கொளுத்தும் வெயிலில் தினச் சம்பளம். முதல் வாரம் என்னோடு பேசவே இல்லை. நேற்று இரவு ஷேக்கிள் படம் ஒன்றை அனுப்பியிருந்தான். "மாமா, பின்னை முழுசா இறுக்கிட்டுக் கால் சுத்து திருப்பி விடணும்னு ஒருத்தர் சொல்றாரு, சரியா?"

"முழுசா இறுக்கு. திருப்பாதே. ஸ்லிங் கோணம் எவ்வளவு?" என்று பதில் போட்டேன்.