வோல்ட், அம்பியர் கணக்கில் வயரிங் பழகுபவர்கள் சறுக்கும் இடங்கள்

போன மாதம் ஹட்டன் பக்கத்துத் தோட்டம் ஒன்றில், லயத்தின், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளின், கடைசி வீட்டில் வேலை. கேத்தல் கொதிக்க நேரமெடுக்கிறது என்று கூப்பிட்டிருந்தார்கள். என்னோடு வேலை பழகும் பையன் மீட்டரை வைத்தான். கேத்தல் ஓடும்போது 170 வோல்ட். "வோல்ட் குறைஞ்சா அம்பியர் கூடும்ண்ணே. 1000 வாட்டை 170ஆல வகுத்தா கிட்டத்தட்ட 6 அம்பியர். உள் வயரை மாத்திடுவோம்" என்றான்.

நானும் அவன் வயதில் இதையே, இதைவிட உறுதியாகச் சொன்னவன். அதனால் திட்ட வாய் வரவில்லை.

மில்லி அம்பியரை அம்பியராக மாற்ற மறப்பது, பெருக்க வேண்டிய இடத்தில் வகுப்பது போன்றவற்றை இங்கே விட்டுவிடுகிறேன். விடை கோணலாக வந்ததும் அவர்களே பிடித்துக்கொள்வார்கள். பார்க்க ஒழுங்காக இருக்கும் பிழைதான் காசைத் தின்னும்.

தகட்டில் உள்ள வாட்டை மாறாத எண்ணாக எடுப்பது

நான் பழகிய காலத்தில் ஒரு தேத்தண்ணிக் கடைக்காரர் ஜப்பானில் பாவித்த கேத்தல் ஒன்றை மலிவாக வாங்கி வந்தார். அடியில் 100 வோல்ட், 1000 வாட் என்று எழுதியிருந்தது. "நம்ம கரண்டுக்குச் சரிவருமா தம்பி?" என்று கேட்டார். 1000ஐ 230ஆல் வகுத்தேன், 4.35 அம்பியர். "தாராளமாக" என்று சொல்லி, தட்டைப் பின்னை வெட்டி எறிந்துவிட்டு நம்மூர் ப்ளக் டொப்பை நானே பூட்டிக் கொடுத்தேன்.

அந்த 1000 வாட், 100 வோல்ட் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும் வலு. கேத்தலுக்குச் சொந்தமானது அதன் சுருளின் தடைதான். 100 வோல்டுக்கு 1000 வாட் என்றால் ஓட்டம் 10 அம்பியர். வோல்டை அம்பியரால் வகுத்தால் தடை 10 ஓம். அதே 10 ஓமுக்கு 230 வோல்ட் கொடுத்தால் 23 அம்பியர் ஓடும். 230ஐ 23ஆல் பெருக்கினால் 5290 வாட்! வோல்ட் 2.3 மடங்கு ஏற, வலு ஐந்து மடங்குக்கு மேல் ஏறிவிட்டது, ஏனென்றால் வோல்டோடு சேர்ந்து அம்பியரும் ஏறுகிறது.

கடையில் ஃபியூஸ் கம்பிக்குப் பதில் யாரோ தடித்த செப்புக் கம்பியைச் சுற்றி வைத்திருந்தார்கள். அது அசையவே இல்லை. ப்ளக் பேஸ் உருகி வழிந்தது, கேத்தலின் அடி திறந்துகொண்டது. அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. என் இரண்டு வாரச் சம்பளம் அவருக்குப் போனது. இன்றைக்கும் அந்தப் பக்கம் தேத்தண்ணி குடிக்கப் போவதில்லை.

பையன் சொன்னதும் அதே பிழைதான், தலைகீழாக. 230 வோல்டுக்கு 1000 வாட் என்றால் தடை 52.9 ஓம். 170 வோல்டில் ஓடுவது 3.2 அம்பியர், கிடைப்பது 546 வாட். கேத்தல் கொதிக்க ஏறக்குறைய இரட்டிப்பு நேரமெடுப்பது இதனால்தான். வயரைக் கவ்வி அம்பியர் அளக்கும் கிளாம்ப் மீட்டரை வைத்துக் காட்டினேன், 3.2. வீட்டுக்குள் இருந்த வயரில் குறையே இல்லை. குறை லயத்துக்கு வரும் லைனில்.

"வோல்ட் குறைந்தால் அம்பியர் கூடும்" என்பது அடியோடு பொய்யும் இல்லை. சுமையோடு ஓடும் மோட்டருக்கு அது பொருந்தும். ஃபிரிட்ஜ் மோட்டரைப் பற்றி யாரோ சொன்னதைக் கேட்டுவிட்டு, கேத்தலுக்கும் இஸ்திரிப் பெட்டிக்கும் அதையே போட்டுப் பார்க்கிறார்கள்.

மோட்டருக்கு வெறும் பெருக்கல்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்து வாட்டும் விசிறி மோட்டர் 400 வோல்ட், 10 அம்பியர் காட்டினால் 4000 வாட் என்று எழுதிவிடுகிறார்கள். மூன்று ஃபேஸ் (three phase) கரண்ட் என்பதால் 1.732ஆலும், அப்புறம் வலுக்காரணியாலும் (power factor) பெருக்க வேண்டும். வலுக்காரணி 0.8 என்றால் ஏறக்குறைய 5540 வாட். மோட்டர் சுருளின் ஓமை மீட்டரில் அளந்து அதால் வோல்டை வகுத்து ஓட்டம் கண்டுபிடிப்பவர்களும் உண்டு. அந்த எண்ணை வைத்து ஒன்றும் செய்ய முடியாது.

குளிர்ந்த பல்பின் ஓம்

60 வாட் இழை பல்பு 230 வோல்டில் எரியும்போது 882 ஓம். அணைந்திருக்கும்போது அளந்தால் அதில் பத்தில் ஒரு பங்குகூட வராது. அந்த ஓமை வைத்து எரியும் பல்பின் அம்பியரைக் கணக்குப் போட்டால் பிழைத்துவிடும்.

கரண்ட் இருக்கும்போது ஓம் அளப்பது

வேண்டாம்.

சுமை இல்லாமல் வோல்ட் பார்ப்பது

மீட்டரில் 228 வோல்ட் கண்டதும் "கரண்ட் நல்லா இருக்கு" என்று எழும்பிப் போய்விடுவார்கள். இன்னொரு வீட்டில் அப்படித்தான் பையன் எழும்பினான். "கேத்தலைப் போட்டுவிட்டுப் பார்" என்றேன். 204 வோல்ட், 3.86 அம்பியர். வழியில் 24 வோல்ட் காணாமல் போயிருந்தது.

"அங்கே எவ்வளவு வாட் வீணாகிறது?" என்று கேட்டால் 230ஐ 3.86ஆல் பெருக்கினான். வழியில் விழுந்தது 24 வோல்ட் மட்டும், 24ஐத்தான் பெருக்க வேண்டும். 93 வாட் வரும். 24ஐ 3.86ஆல் வகுத்தால் அங்கே நிற்கும் தடை 6.2 ஓம். ஒழுங்கான வயரில் அவ்வளவு தூரத்துக்கு இவ்வளவு தடை வராது.

கூரை ஓரத்தில் ஏணியைச் சாத்தினோம். அலுமினியக் கம்பியையும் செப்புக் கம்பியையும் வெறுமனே முறுக்கி டேப் சுற்றியிருந்தார்கள். மழையும் பனியும் பட்டு இரண்டும் அரித்துப்போயிருந்தன. டேப் கருகி, தொட்டதும் உதிர்ந்தது.