காட்டோரத்தில் ஒரு விலங்கு செத்துக் கிடந்தால்: நாம் தொடர்ந்து செய்யும் தவறுகள்

காட்டோர ஊர்களில் குரங்கு ஒன்று இறந்துவிட்டால் அதைக் குளிப்பாட்டி, பொட்டு வைத்து, மாலை போட்டு, மேளத்துடன் எடுத்துப் போய் அடக்கம் செய்வதுண்டு. அனுமனாக நினைத்துக் கும்பிட்ட உயிருக்குச் செய்யும் மரியாதை அது. அந்த மனதைப் பழிக்க எனக்கு வாய் வராது. ஆனால் மேற்குத்தொடர்ச்சி மலையோரத்தில், எதனால் இறந்தது என்று தெரியாத குரங்கைக் கையால் தொடுவது உயிருக்கே ஆபத்தாக முடியலாம்.

காரணம் குரங்குக் காய்ச்சல். 1957-ல் கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில், கியாசனூர் காட்டில் குரங்குகள் அடுத்தடுத்துச் செத்து விழுந்தன. பக்கத்து ஊர் மக்களும் கடும் காய்ச்சலில் படுத்தார்கள். கிருமியைப் பரப்புபவை உண்ணிகள். குரங்கு உயிரோடு இருக்கும்வரை அதன் ரத்தத்தைக் குடித்துக்கொண்டிருக்கும் உண்ணிகள், உடல் குளிரத் தொடங்கியதும் இறங்கி வேறு உடலைத் தேடுகின்றன. பிணம் கிடக்கும் இடத்தைச் சுற்றியுள்ள சருகும் புல்லும் அப்போது பிணத்தைப் போலவே ஆபத்தானவை. 2012-ன் இறுதியில் பந்திப்பூரில் நோய் தாக்கியவர்கள், இறந்த குரங்குகளை அப்புறப்படுத்திய பணியாளர்கள்தான். பந்திப்பூருக்கும் முதுமலைக்கும் நடுவே இருப்பது வெறும் மாநில எல்லை, காடு ஒன்றே. பனிக்காலம் முடிந்து கோடை வரும் மாதங்களில் விறகுக்கும் மேய்ச்சலுக்கும் போகிறவர்கள் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

குரங்கைவிடப் பெரிய விலங்கு என்றால் தவறும் பெரிதாகிவிடுகிறது. யானையோ காட்டெருமையோ காட்டுப்பன்றியோ இறந்து கிடந்தால், ஏன் இறந்தது என்று பார்க்க உடனே வயிற்றைக் கிழிக்க வேண்டும் என்று கூட்டம் அவசரப்படும். சிலர் பன்றிக் கறியைப் பங்கு போடவே கத்தியுடன் வந்துவிடுவார்கள். அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) நோயால் இறந்த விலங்காக இருந்தால், அந்தக் கத்தி செய்யும் தீமைக்கு அளவே இல்லை. இந்த நோயின் நுண்ணுயிரி மூடிய உடலுக்குள் இருக்கும்வரை, உடல் அழுகும்போது தானும் பெரும்பாலும் அழிந்துபோகிறது. உடலைத் திறந்து காற்றுப் பட வைத்தால், கடினமான உறை கொண்ட வித்துகளாக மாறிவிடுகிறது. அந்த வித்துகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். பிறகு அங்கே மேயும் மாடும் மானும் யானையும் நோயைப் புல்லோடு சேர்த்துத் தின்கின்றன. மூக்கிலும் வாயிலும் ஆசனவாயிலும் உறையாத கறுத்த ரத்தம் கசிந்து, உடல் வேகமாக ஊதியிருந்தால் அடைப்பான் என்றே கருதி விலகி நிற்க வேண்டும். கால்நடை மருத்துவர்கள் இத்தகைய உடலைக் கூராய்வு செய்யாமல், காதோரத்திலிருந்து ஒரு சொட்டு ரத்தம் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பது இதனால்தான். 2021 ஜூலையில் கோவை ஆனைகட்டிப் பகுதியில் இறந்த பெண் யானைக்கும், 2022-ல் கேரளத்தின் அதிரப்பள்ளியில் இறந்த காட்டுப்பன்றிகளுக்கும் இந்த நோய் உறுதியானது.

இதுவரை சொன்னவை காட்டிலிருந்து நமக்கு வருபவை. நாம் காட்டுக்குள் அனுப்பும் நோய்களைப் பற்றி யாரும் அவ்வளவாகப் பேசுவதில்லை என்பதுதான் என் பெரிய வருத்தம். 1994-ல் தான்சானியாவின் செரெங்கெட்டியில் சுமார் 1,000 சிங்கங்கள், அதாவது அங்கிருந்தவற்றில் மூன்றில் ஒரு பங்கு, டிஸ்டெம்பர் என்ற நாய் நோயால் இறந்தன. பூங்காவைச் சுற்றியுள்ள ஊர்களின் வளர்ப்பு நாய்கள்தான் அதன் ஊற்றுக்கண். வறட்சியில் நலிந்த எருமைகளின் உடலெங்கும் உண்ணி மொய்த்திருந்தது. அவற்றைத் தின்ற சிங்கங்களுக்கு உண்ணி வழியே ரத்த ஒட்டுண்ணியும் ஏறியது. டிஸ்டெம்பர் எதிர்ப்புச் சக்தியைக் குலைத்திருந்த நேரத்தில் அந்த ஒட்டுண்ணியும் பெருகி அவற்றைச் சாய்த்தது. அது தொலைதூரக் கதை என்று இருந்துவிட முடியவில்லை. 2018 செப்டம்பரிலும் அக்டோபரிலும் குஜராத்தின் கிர் காட்டில் இருபதுக்கும் மேற்பட்ட ஆசியச் சிங்கங்கள் இறந்தபோது அவற்றில் சிலவற்றிலும் அதே கிருமி இருந்தது. ஆசியச் சிங்கத்துக்கு இயற்கையில் உலகத்திலேயே வேறு வீடு கிடையாது.

நம் காடுகளில் செந்நாய், நரி, சிறுத்தை, புலி எல்லாவற்றையும் டிஸ்டெம்பர் தாக்கக்கூடும். இங்கே அடிக்கடி காணும் தவறு ஒன்று: வெறிநோய்க்கு ஊசி போட்டாகிவிட்டது, நாய்க்கு இனி எதுவும் தேவையில்லை என்று நிறுத்திக்கொள்வது. வெறிநோய் ஊசி டிஸ்டெம்பரைத் தடுக்காது. அதற்குத் தனிக் கூட்டுத் தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வாரத்தில் தொடங்கி, மருத்துவர் சொல்லும் இடைவெளியில் மறுபடியும் போட வேண்டும். மாடுகளுக்குக் கோமாரித் தடுப்பூசியைத் தவறவிட்டுக் காட்டுக்குள் மேய விடுவதும் இதே கணக்குத்தான். ஒரே குட்டையில் நீர் குடிக்கும் காட்டெருமைக்குத் தடுப்பூசி போட ஆள் இல்லை.

மாட்டு வைத்தியத்தில் இன்னொரு விபரீதம் நடந்தது. வலி மருந்தான டைக்ளோஃபெனாக் போடப்பட்ட மாடு இறந்தால், அதைத் தின்ற பாறுக் கழுகுகள் சிறுநீரகம் செயலிழந்து சில நாட்களில் மடிந்தன. 1990-களில் தொடங்கி இந்தியாவின் வெண்முதுகுப் பாறுகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கும் மேல் இப்படியே போயின. நோயுற்ற பிணங்களைச் செரித்துக் காட்டைத் துப்புரவு செய்த பறவை அது. அது போன இடத்தில் பெருகியவை தெருநாய்கள். கால்நடைகளுக்கு டைக்ளோஃபெனாக் 2006-லும், கீட்டோபுரோஃபேனும் அசிக்ளோஃபெனாக்கும் 2023-லும் தடை செய்யப்பட்டன. மாட்டுக்கு வலி என்றால் மெலாக்சிகாம் கேட்டு வாங்குங்கள். தென்னிந்தியாவின் பாறுகள் பெரும்பாலும் மோயாற்றுப் பள்ளத்தாக்கில்தான் எஞ்சியிருக்கின்றன.

வௌவால்களிடம் வேறு மாதிரி நடந்துகொள்கிறோம். 2018-ல் கோழிக்கோட்டில், பழந்தின்னி வௌவால்கள் தாங்கும் நிப்பா என்ற வைரஸ் நோய் வந்ததும், பழந்தின்னி வௌவால் தொங்கும் மரங்களை வெட்டிவிடலாம், வெடி வைத்து விரட்டிவிடலாம் என்று பலர் கிளம்பினார்கள். உகாண்டாவில், வௌவால்கள் தாங்கும் இன்னொரு வைரஸ் நோயான மார்பர்க்குக்கு அஞ்சி ஒரு சுரங்கத்தின் வௌவால்களை அழித்தார்கள். சில ஆண்டுகளில் புதிய வௌவால்கள் குடியேறின. அவற்றில் கிருமி தாங்கியவற்றின் விகிதம் முன்பைவிடக் கூடுதலாக இருந்தது. விரட்டினால் நோய் போவதில்லை. வௌவால் கடித்த பழத்தைத் தொடாமல் விடுங்கள், மரத்தடிக் கிணற்றுக்கு வலை போடுங்கள், அவ்வளவே போதும். வௌவால்களுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத ஊர்கள் தமிழ்நாட்டில் உண்டு. அவர்களிடம் நாம் கற்க வேண்டியது நிறைய.

மலைப்பாதையில் குரங்குக்குப் பிஸ்கட் நீட்டுவது பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கூட்டம் ஒரே இடத்தில் நெருங்கினால் நோயும் நெருங்கும். நம் தொற்றும் அவற்றுக்குப் போகும். 2021 ஜூனில் வண்டலூர் பூங்காவின் சிங்கங்களுக்குக் கொரோனா வந்ததை மறந்துவிடக் கூடாது.

இறந்த விலங்கைக் கண்டால் தள்ளி நின்று படம் எடுத்து, இடத்தைக் குறித்து வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். நாயையும் குழந்தைகளையும் பக்கத்தில் விடாதீர்கள். வீடு திரும்பியதும் துணியைக் களைந்து, முழங்கால் மடிப்பிலும் அக்குளிலும் இடுப்பிலும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நேராக இழுத்தெடுங்கள். பத்து நாளுக்குள் காய்ச்சல் வந்தால், மருத்துவர் கேட்கும்வரை காத்திருக்காமல் நீங்களே காட்டுக்குப் போனதைச் சொல்லுங்கள். சாதாரணக் காய்ச்சல் என்று கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு, நான்காம் நாள் மூக்கில் ரத்தம் வந்த பிறகு ஓடினால், மருத்துவருக்கும் வேலை கடினமாகிவிடும்.